வண்டி அனுப்பப்பட்டிருந்தால் நலமாக இருந்திருக்கும்

சுவீடிஷ் மொழியில் சாகக் கிடந்த ஒரு வினைவடிவத்தைப் பிழைக்க வைத்த பெருமை எங்கள் மாவட்டச் சுகாதார அலுவலகத்தையே சேரும். நடக்காததை 'நடந்திருந்தால்' என்று பேசும் வடிவம் அது. ஜனங்கள் அதை எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். நாங்கள் விடவில்லை. புகார்களுக்குப் பதில் எழுத அதைவிடப் பத்திரமான வடிவம் வேறு கிடையாது.

என் பெயர் எஸ்கில்; அங்கே மொழி சரிபார்ப்பவன். பிப்ரவரியில் என் மனைவி டில்டா, நெஞ்சு வலிக்கிறது என்று எங்கள் அலுவலகத்தின் உதவி எண்ணுக்கு மூன்று முறை கூப்பிட்டாள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தாள். நான் வேலை முடிந்து வந்தபோது உடல் சில்லிட்டிருந்தது. ஆம்புலன்ஸ் வண்டியை மறுத்தது யார் என்று கேட்டுப் புகார் கொடுத்தேன். ஏப்ரலில் அதற்கான பதில், திருத்தத்துக்காக, என் மேசைக்கே வந்தது.

உடனே காபிக் கூட்டம் கூடியது. தலைவி யோர்டிஸ் தன் கையாலேயே ஏலக்காய் பன் சுட்டுக் கொண்டுவந்திருந்தாள். விஷயம் அவ்வளவு முக்கியம்.

"புகார் கொடுத்தவனே பதிலத் திருத்தலாமா?" என்றான் சட்டப் பிரிவு டோர்பியோர்ன்.

"பதில் நம்மோடது. அவன் மொழியத்தான பாக்குறான்," என்றாள் யோர்டிஸ். "இந்த நடை எஸ்கிலுக்கு வர்ற மாதிரி வேற யாருக்கு வரும்?"

வரைவை வாசித்தேன்: 'வண்டி அனுப்பப்பட்டிருந்தால் நலமாக இருந்திருக்கும்.'

"'அனுப்பவில்லை'ன்னே போடலாமே," என்றேன். "யாருன்னு பேரையும்."

"அப்படிப் போட்டா யாரோ அனுப்பாம இருந்த மாதிரி ஆயிடுமேப்பா," என்றான் டோர்பியோர்ன்.

"அனுப்பாமத்தான இருந்தாங்க."

"அது உன் கருத்து."

"அவ செத்தது?"

யோர்டிஸ் பன் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். "எஸ்கில், சுத்தி ஒரு தடவ கேட்டுரலாம். எல்லாருக்கும் சரின்னாத்தான் நமக்குச் சரி."

சுற்றிக் கேட்டார்கள். பன் அருமை என்றும், வாக்கியம் 'மனிதநேயம் மிக்கது' என்றும் ஒன்பது பேர் சொன்னார்கள். பத்தாவது ஆள் நான். ஒருமித்த முடிவைக் கெடுக்கும் துணிச்சல் எங்கள் நாட்டில் யாருக்கும் கிடையாது. ஒரு காற்புள்ளியைச் சேர்த்துக் கையெழுத்திட்டேன்.

கடிதம் மிகச் சிறப்பாக அமைந்துவிட்டதால் நிர்வாகம் அதை 'மாதிரிப் பதில்' என்று அறிவித்தது. தேதியை எடுத்துவிட்டார்கள். டில்டாவின் பெயரை எடுத்துவிட்டு அங்கே ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். கோட்டை நிரப்பும் பொறுப்பு எனக்கு. மே மாதம் இன்னும் முடியவில்லை. ஆறு பெயர்கள் எழுதிவிட்டேன்.