செந்தேர் துறந்து மஸ்டாங் ஏறிய படலம்

வாழ்க கேரி ஸ்டூபக்! டொலிடோ மாநகரின் நிலவறைகள்தோறும் மண்டியிட்டு, வீட்டைச் சூடாக்கும் உலைகள் அணைந்தால் அவற்றுக்கு உயிர் கொடுத்து, ஒஹாயோவின் குளிரரக்கனைக் குலைநடுங்கச் செய்த கொற்றவன். ஐம்பத்தைந்து அகவையும் அதற்கேற்ற தொந்தியும் தாங்கிய தோன்றல். வெள்ளரி ஊறுகாய் நீக்கிய பர்கரன்றி வேறு பர்கரை நாவால் தீண்டேன் என்று இருபதாண்டு விரதம் காத்த மாதவத்தோன்! நாமகள் துணை நிற்க. பெட்ரோல் தேவதையும் கூட நிற்க.

ஆயுளில் ஒரே ஒரு வேகத்தேர், அதாவது ஸ்போர்ட்ஸ் கார், வாங்கிக்கொள்ள மனைவி மார்லீன் வரமளித்திருந்தாள். தவறினால் மறுவரம் கிடையாது. அவள் தமையன் பிரென்ட்டோ பல் வைத்தியன், மழைத்துளி படாமல் வளர்க்கப்பட்ட இத்தாலியச் செந்தேரின் அதிபதி. ஆண்டுதோறும் நன்றித் திருநாள் விருந்தில் வான்கோழியை வெட்டுமுன் கேரியின் பழைய வேனைச் சொல்லால் வெட்டிக் கூறுபோடுபவன். அவன் வாயை ஒருமுறையாவது அடைக்க வேண்டும். கேரி கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

"வாங்குனா இந்த மாதிரி வாங்கு மாப்ள. ஓட்டிப் பாரு, அப்புறம் பேசு" என்று சாவியை நீட்டினான் பிரென்ட்.

கேரி ஏறினான் என்பது பொய். கிணற்றில் இறங்குவதுபோல் இறங்கினான். பக்கத்து இருக்கையில் பிரென்ட் அமர, செந்தேர் காற்றைக் கிழித்தது. கடைத்தெரு கண்ணிமைப்பில் பின்னோடியது. இதுவே என் தேர் என்று மாவீரன் நெஞ்சுக்குள் முழங்கினான். அந்தோ, பசித்தது! பழக்கம் கையைப் பிடித்திழுக்க, வண்டியில் இருந்தபடியே பர்கர் வாங்கும் சாளரத்தருகே தேரைச் செலுத்தினான்.

சாளரமோ வானத்தில் இருந்தது. பணிப்பெண்ணின் கரம் மேலிருந்து தாழ, கேரியின் கரம் கீழிருந்து எழ, இடையே ஒரு முழம் வெற்றிடம் வெல்லற்கரிய அரணாய் நின்றது. எழ முயன்றான்; தொந்தி ஸ்டியரிங்கில் சிக்கியது. கதவைத் திறந்தான், சுவர் தடுத்தது. பின்னால் ஏழு வண்டிகள் போர்முரசு கொட்டின.

"சார், இன்னும் கொஞ்சம் எட்டுங்க!"

"எட்டிட்டுத்தாம்மா இருக்கேன்!"

"மாப்ள, பையை உள்ள கொண்டுவராத! தோல் சீட்டுல எண்ணெ பட்டா நான் செத்தேன்!" என்று அலறினான் பிரென்ட்.

பொட்டலம் வீழ்ந்தது. நகர்ந்த செந்தேரின் சக்கரமே அதன்மேல் ஏறியது. நசுங்கிய பர்கரைக் கண்ட கேரிக்கு வயிறு எரிந்தது, புத்தி தெளிந்தது. "எண்திசையும் கேட்பதாக! கை எட்டாத தேரில் இனி என் கால் படாது!" என்று சூளுரைத்தான்.

மறுவாரம், அண்டை மிச்சிகனில் பிறந்து, எஞ்சினின் எட்டு உருளையும் இடியென உறும, உலை பழுதுபார்ப்பவனுக்கும் கட்டுப்படியாகும் விலையில் வந்த மஞ்சள் மஸ்டாங்கில் பிரென்ட்டையும் ஏற்றிக்கொண்டு அதே சாளரத்தின் முன் நின்றான். கரம் நீண்டது, கரம் தாழ்ந்தது, பொட்டலம் வெற்றிமாலைபோல் இறங்கியது. சீட்டைப் பற்றிய கவலையின்றி உருளைக்கிழங்கு வறுவலை அள்ளி மென்ற பிரென்ட், நெடுஞ்சாலையில் எஞ்சின் ஒருமுறை முழங்கியதும் மெல்வதை நிறுத்தினான்.

"மாப்ள... நான் ஒரு ரவுண்டு ஓட்டட்டுமா?"

இருபது விருந்துகளின் ஏளனம் அந்த ஒரு கேள்வியில் மண்ணைக் கவ்வியது. கேரிக்குக் கண் கலங்கியது. விண்ணவர் பூமாரி பொழிய, வெண்சங்கம் விம்ம, கொற்றவன் வண்டியை ஓரங்கட்டி, மைத்துனனுக்கு இடம் மாறிக் கொடுத்து, வாகை சூடிய கரங்களால் தன் பர்கரைப் பிரித்தான்.

ஊறுகாய் வேண்டாம் என்று சொல்லியும் போட்டிருந்தார்கள்.