கட்டிலுக்கு வேப்பெண்ணெய்

இனிமேல் பெண்டாட்டி முன்னால் சொறிவதில்லை என்று தாராவி தோல் சாயப் பட்டறைப் பூதத்தான் சபதம் எடுத்தான். எடுத்த கையே அரித்தது.

"இன்னொரு தடவ சொறிஞ்சியன்னா சாய வேலைக்கு முழுக்கு. எங்கண்ணன் கடைக்குப் போயிரணும்" என்று இசக்கி சொல்லியிருந்தாள். அண்ணன் ஆறுமுகநயினாருக்குக் கிங்ஸ் சர்க்கிளில் பூஜைச் சாமான் கடை. மச்சினன் முன்னால் கைகட்டி நிற்பதைவிட அரித்தே சாகலாம் என்பது பூதத்தானின் கட்சி.

சாவுகூடப் பரவாயில்லை. கூட வேலை பார்த்த கணேசபாண்டியனுக்கும் இப்படித்தான் அரிப்பில் தொடங்கியது. புண்ணாகி, சீழ் பிடித்து, விரல் மடங்காமல் போய், இன்று அவனுக்குப் பெண்டாட்டிதான் சோறு ஊட்டுகிறாள். பூதத்தான் அதை மட்டும் நினைக்கவே மாட்டான்.

வேப்பெண்ணெய் தடவினால் கொஞ்சம் அடங்கும். ஆனால் அந்த நாற்றத்தை ஒற்றை அறையில் எங்கே ஒளிப்பது?

"இது என்ன பாட்டிலு?"

"வேப்பெண்ண, ஏட்டி. கட்டில்ல மூட்டப்பூச்சி."

"என்னக் கடிக்கலியே."

"உன்னக் கடிக்க அதுக்குத் தைரியம் வேணும்லா."

இசக்கி சிரிக்கவில்லை. பாட்டிலை வாங்கிக் கட்டில் காலிலும் சட்டத்திலும் சொட்டு மிச்சமில்லாமல் பூசினாள். பூதத்தான் வாயில் எச்சில் ஊறப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் விடியலில், "குழாயில தண்ணி வந்துட்டு" என்று குடத்தோடு இறங்கினாள். காலடிச் சத்தம் அடங்கியதும் அவன் தரையில் உட்கார்ந்து, கட்டில் காலைக் கட்டிப்பிடித்து, இரண்டு கையையும் தேய் தேயென்று தேய்த்தான். அப்பாடா என்றிருந்தது. தோல் உரிந்து கட்டிலில் ரத்தம் ஒட்டியது. பார்த்ததும் அழுகை வந்தது. தேய்ப்பதை நிறுத்தத்தான் முடியவில்லை.

நிமிர்ந்தால் வாசலில் இசக்கி. குடம் காலி.

"தண்ணி?"

"இன்னைக்கு வராது."

பக்கத்தில் உட்கார்ந்து, தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, அவன் கையில் மெல்லத் தடவினாள்.

"ஒங்களுக்கு ஊட்டி விடுத நெலம எனக்கு வரக்கூடாது, சொல்லிட்டேன்."

"பட்டறைச் சேட்டுகிட்டச் சொல்லி வேற வேலைக்கு மாத்திக்கிடுதேன் ஏட்டி..."

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. வெளியே ஏணிப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"அண்ணே, மூட்டப்பூச்சி ஆப்ட்டுட்டு. கடைக்குக் கூட்டிட்டுப் போ."