யூஹானி எழுதிக்கொண்டிருந்தார்

எங்கள் வீட்டில் யாராவது பதில் பேசாமல் இருந்தால் அவருக்குக் கோபம் என்று பொருள். அம்மா அப்படி, அக்கா அப்படி. அதனால் எதிரே இருப்பவர் வாயை மூடினால் உடனே எதையாவது கொடுத்துச் சமாதானம் செய்வது சின்ன வயதிலிருந்தே என் வழக்கம். (இப்பேர்ப்பட்டவனை வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேச உட்கார வைத்த புண்ணியவான் யாரோ.)

இரண்டாயிரங்களின் தொடக்கம். புனேயில், ஹடப்சரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் எனக்கு வேலை. கல்யாணம் ஆகவில்லை. திருநெல்வேலியிலிருந்து அப்பா வந்து சாங்வியில் என்னோடு தங்கியிருந்தார். பண்டரிபுரம் போகவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. "அங்க சாமி காலத் தொட்டே கும்பிடலாமாமே" என்று வந்த அன்றே கேட்டார். இந்தி தெரியாத மனிதர், தனியாகப் போகமாட்டார். கம்பெனிக்கு வந்திருந்த புது வேலையை முடிக்க ஆறு வாரம் அவகாசம் வாங்கிவிட்டால், இடையில் லீவு போட்டு நானே கூட்டிப் போய்விடலாம் என்று நினைத்திருந்தேன்.

அவகாசத்தைத் தரவேண்டியவர் எங்கள் வாடிக்கையாளர், பின்லாந்துக்காரர் யூஹானி. ஸ்பீக்கர் போனில் பேச்சு. பக்கத்தில் என்னோடு வேலை பார்த்த மிலிந்த். மும்பையிலிருந்து எங்கள் மேலாளரும் லைனில் இருந்தார்.

ஆறு வாரம் ஆகும் என்றேன். மறுமுனையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. போச்சு, மனுஷனுக்குக் கோபம் வந்துவிட்டது. ஐந்தில் முடிக்கப் பார்க்கிறோம் என்றேன். பதில் இல்லை. மேஜைக்கடியில் மிலிந்த் என் காலை உதைத்தான். இன்னும் குறைக்கச் சொல்கிறான் போலிருக்கிறது என்று நான்குக்கு வந்தேன். அடுத்த உதை முழங்காலில் விழுந்தது. "மூன்றே வாரம், சார். ஞாயிற்றுக்கிழமையும் வருவோம்" என்றேன்.

(காய்கறி பேரம்கூட இப்படி நடக்காது. அங்கே வாங்குகிறவராவது வாய் திறப்பார்.)

யூஹானி நிதானமாகப் பேசினார். "மன்னிக்கவும், எழுதிக்கொண்டிருந்தேன். ஆறு வாரமே எங்களுக்குப் போதும். மூன்றில் முடிந்தால் இன்னும் நல்லது." மேலாளர் அங்கேயே 'டன்' என்று முடித்துவிட்டார். வாயை மூடு என்பதற்காகத்தான் உதைத்தானாம் மிலிந்த்.

அந்த மூன்று வாரமும் அப்பா விழிக்கும் முன்னே கிளம்பி, அவர் தூங்கிய பிறகு திரும்பினேன். வேலை முடிந்தபோது அவர் ஊர் திரும்பும் ரயிலுக்கு ஒரே நாள்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் பால்கனியில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அப்பா ரோட்டைப் பார்த்தபடி பேசாமல் இருந்தார். எனக்குத் தாங்கவில்லை. அடுத்த வருஷம் கட்டாயம் பண்டரிபுரம் போவோம் என்றேன். அவர் பேசவில்லை. அப்படியே காசிக்கும் போய்வரலாம் என்றேன். பேசவில்லை. பிளைட்டிலேயே போகலாம் என்றேன்.

அப்பா திரும்பிச் சிரித்தார். "நான் ஒண்ணும் கேக்கலையேய்யா. சும்மா உங்கூட உக்காந்திருக்கேன்."

அடுத்த வருஷம் வருவதற்குள் அப்பா போய்விட்டார். நான் இன்னும் புனேயில்தான் இருக்கிறேன். பண்டரிபுரம் பஸ்ஸை எத்தனையோ தடவை பார்த்தாயிற்று, ஏறியதில்லை. ஏற முடியவில்லை.

இந்தக் கதையை மனைவியிடம் சொன்னது தப்பாகப் போயிற்று. இப்போது என் மகள் எது வேண்டுமென்றாலும் வாய்விட்டுக் கேட்பதில்லை. எதிரே வந்து வாயை மூடிக்கொண்டு உட்காருகிறாள். "பேசிடாதடி, அப்பா இப்ப இறங்கி வருவார்" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வரும். சைக்கிள் அப்படி வந்ததுதான்.

சில நாள் அவள் எதுவுமே வேண்டாமல், சும்மாவும் வந்து உட்காருகிறாள். எனக்கு இன்னமும் வித்தியாசம் தெரிவதில்லை. பயந்துபோய் ஏதாவது வாங்கித் தருவதாகச் சொல்லிவிடுகிறேன்.