இருநூறு பேருக்கும் நாலு

நான் அடுக்கம் சாலையில் இறங்கி நடந்துகொண்டிருந்தபோது, மேலே கொடைக்கானலில் பயிற்சி முகாமின் கடைசி நாள் சாப்பாட்டைப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். பிரியாணி. அதையும் விட்டுவிட்டு நான் கிளம்பினேன் என்றால் பட்ட அவமானத்தின் அளவை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். (முகாமில் கொடுத்த பையை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டேன்.)

பத்தாம் வகுப்பை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் தோற்றவன் நான். அதன்பிறகு லாரி கிளீனர், போர்டு பெயிண்டர், கேரட் கழுவுகிறவன் என்று பசி கூப்பிட்ட பக்கமெல்லாம் போனேன். அப்படித்தான் அமலா டீச்சரிடம் சேர்ந்தேன். கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தவர். தோட்டக் கூலியாட்களுக்கு வேலையில் மனநிறைவு உண்டா என்பது ஆய்வு. இருநூறு பேரைப் பார்த்து, ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் வாங்கி வருவது என் வேலை.

முதல் நாளே தோட்டத்து மகளிர் குழுத் தலைவி பாக்கியம் அக்கா என்னை மறித்தார்.

"வீடு வீடா எதுக்குத் தம்பி அலையுறீங்க? குழுவுல நான் சொன்னா எல்லாரும் சொன்ன மாதிரிதான். லோனுக்கும் அப்பிடித்தான், ரேசனுக்கும் அப்பிடித்தான். எல்லாத்துக்கும் நாலு போட்டுக்கங்க. அஞ்சு போட்டா கூலிய ஏத்த மாட்டாங்க."

நியாயமாகத்தான் பட்டது. ஒரே மத்தியானத்தில் இருநூறு படிவங்களையும் நிரப்பினேன். சந்தேகம் வரக்கூடாதென்று நீலப் பேனா, கறுப்புப் பேனா என்று மாற்றி மாற்றி எழுதினேன்.

டீச்சருக்கு மகா சந்தோஷம். "மூணு நாள் பயிற்சி இருக்கு, நீங்களும் வாங்க. சாஃப்ட்வேர் கத்துக்கிட்டா நிரந்தர வேலை, நாற்காலி போட்டு" என்றார். நாற்காலி! நின்றே சம்பாதித்த பரம்பரை என்னுடையது.

பயிற்சி எஸ்.இ.எம். என்ற புள்ளியியல் முறையில். மனநிறைவு கண்ணுக்குத் தெரியாது, ஆகையால் அது வட்டம். கேட்ட கேள்விகள் கட்டம். நடுவே அம்புகள். எது எதை எவ்வளவு இழுக்கிறது என்று கணினி கணக்குப் போட்டுச் சொல்லும். பெயிண்டர் கை இல்லையா, அங்கிருந்த இருபது முனைவர் பட்ட மாணவர்களைவிட என் வட்டங்கள் அழகாக இருந்தன. பயிற்சியாளரே பாராட்டினார். தலைக்கனம் ஏறிவிட்டது. மூன்றாம் நாள், "யாருடைய தகவலைத் திரையில் போடலாம்?" என்று அவர் கேட்டதும் முதல் கை என்னுடையது.

பொத்தானை அழுத்தினார். அம்புகளின் மேல் எண்கள் வரவேண்டிய இடத்தில் கணக்குப் போட முடியாது என்று சிவப்பாக ஒரு வரி வந்தது. அவர் அட்டவணையைத் திறந்தார். மேலிருந்து கீழே உருட்டினார். நாலு, நாலு, நாலு.

"என்னங்க இது? ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருந்தாத்தான் கணக்கே. இருநூறு பேருக்கும் எப்படி நாலு?"

"அவங்க ஒத்துமையான ஆளுங்க சார்" என்றேன்.

அரங்கம் வெடித்துச் சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "அடுத்த மாசம் ஆய்வைக் கொடுக்கணும்ப்பா" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். அதற்குமேல் அங்கே எப்படி உட்கார்வது?

(இன்றைக்கும் நான் யாரையும் கேட்காமல் "எல்லாருக்கும் உப்புமா போதும்" என்றால், "ஆமா, நாம ஒத்துமையான ஆளுங்க சார்" என்பாள் என் மனைவி. பிள்ளைகள் நான்கு விரலைக் காட்டும்.)

நான் இறங்கி வந்த சாலையின் வளைவில், தோட்டத்துக்குப் பக்கத்தில், ஒரு டீக்கடை. அங்கே பாக்கியம் அக்காவும், பக்கத்தில் மிளகுக் கூடையோடு இன்னொரு பெண்ணும். நடந்ததைச் சொன்னேன். கூடைக்காரி எழுந்துவிட்டாள்.

"நாலா? என்னைய யாரு கேட்டா? முட்டிவலியோட மலையேறுறவளுக்கு நாலாம்ல! எனக்கு ஒண்ணு, எழுதுங்க!"

"ஏய், குழு மானம் போகுதுடி!"

"உங்களுக்கென்னக்கா, சும்மா உக்காந்து ஆள எண்ணுற சோலி. நாலு என்ன, அஞ்சே போடலாம்!"

சண்டை வலுத்தது. டீக்கடைக்காரர் தனக்கு மூன்று என்றார். (அவர் கூலியாளே இல்லை.) நான் டீச்சருக்குப் போன் போட்டேன்.

"டீச்சர், ஆளுக்கு ஆள் வித்தியாசம் நிறையக் கெடக்கு. நான்தான் கேக்கல."

"புதுப் படிவம் காலைல முதல் பஸ்ல வரும். நாற்காலியை மறந்துருங்க" என்றார்.

மறுநாள் வெள்ளனே அதே வேலையில் மறுபடி சேர்ந்தேன். முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன். கதவைத் திறந்தவள் "ரெண்டு" என்றாள். உள்ளேயிருந்து புருசன், "ஏலே, அவ சொல்றத எழுதாத, எனக்கு அஞ்சு!" என்று கத்தினான்.

நின்றுகொண்டே இரண்டையும் எழுதினேன், ஒரே பேனாவில்.