ஞாயிற்றுக்கிழமை வருகைப் பதிவு

செய்தி வந்தபோது ரசீது சார் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஒரு முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். மூன்றாவது முறை படிக்கும்போது சட்டையின் இடது கை கருகும் வாசனை வந்தது.

"அன்பான வாடிக்கையாளருக்கு, வரும் முதல் தேதியிலிருந்து 'ஒரே வீட்டு விதி' நீக்கப்படுகிறது. உங்கள் குடும்பப் பொதியில் உள்ள போன்களை வாரம் ஒரு மணி நேரம் உங்கள் வீட்டு இணையப் பெட்டியில் இணைக்க வேண்டியதில்லை. போன் ஒன்றுக்குச் சிறு கட்டணம் செலுத்தினால் எங்கிருந்தும் பார்க்கலாம்."

வேறு யாருக்கு வந்திருந்தாலும் இது நல்ல செய்தி. ரசீது சாருக்கு அப்படி இல்லை.

அவர் ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கின் பொறுப்பாளர். ஒரு பட்டை மாத்திரை வெளியே போனாலும் சீட்டு எழுதிக் கையெழுத்து வாங்காமல் விடமாட்டார். பெயர் அங்கே வைத்தது. மாடிப்படி ஏறி வீடு வரைக்கும் வந்துவிட்டது. அவர் குடியிருந்த மூன்றாம் மாடியில் நான்கு கதவுகள். எதிர்க் கதவில் ஒரு நர்ஸ், பக்கத்தில் ஒரு லாரி டிரைவர், கடைசியில் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆன ஜோடி.

இணையக் கட்டணம் மூன்றாவது தடவை ஏறியபோது நான்கு வீடும் கூடிப் பேசி, ரசீது சார் பெயரில் ஒரே ஒரு குடும்பப் பொதி வாங்கின. கம்பெனி ஒரு நிபந்தனை போட்டது. குடும்பம் என்றால் ஒரே வீட்டில் இருக்க வேண்டும். இருக்கிறீர்கள் என்று வாரம் ஒருமுறை எல்லாப் போனும் அந்த வீட்டுப் பெட்டியில் ஒரு மணி நேரம் இணைந்து காட்ட வேண்டும்.

அதனால் படிவத்தில் நர்ஸ் தங்கையானாள். டிரைவர் தம்பியானார். கடைசி வீட்டுப் பையன் மகனும், அவன் பெண்டாட்டி மருமகளும் ஆனார்கள். ரசீது சாருக்குப் பிள்ளை கிடையாது. மனைவி போய் இரண்டு வருடம். ஒரு பக்கப் படிவத்தில், பேனா எடுத்து வைப்பதற்குள், அவருக்கு நான்கு உறவு முளைத்தது.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு நான்கு பேரும் அவரவர் போனுடன் அவர் கூடத்தில் வந்து உட்காருவார்கள். ரசீது சார் நீளக் குறிப்பேட்டில் வருகையைப் பதிவார். ஐந்து மணிக்கு விதி முடியும். ஆனால் டீ, பிஸ்கட், பேச்சு என்று ஆறரை வரைக்கும் யாரும் எழுந்திருக்கமாட்டார்கள். மற்ற ஆறு நாளும் அந்தக் கூடத்தில் பேசுவது குளிர்பெட்டி ஒன்றுதான். அதுவும் விட்டு விட்டு.

அந்தச் செய்தியை அவர் அழித்துவிட்டார். யாருக்கும் தெரியாமல் நான்கு போனுக்கும் 'சிறு கட்டணம்' கட்டினார். கட்டாவிட்டால் அவரவர் வீட்டில் படம் நின்றுபோகும். ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் விதி போன கதை வெளியே வரும்.

அடுத்த ஞாயிறு எல்லோரும் வந்தார்கள். மருமகள்தான் ஆரம்பித்தாள்.

"மாமா, வீட்டுல இருக்கறப்ப நல்லா ஓடுது. இங்க வந்தாதான் சுத்திக்கிட்டே இருக்கு."

"எது?"

"படம்தான். ஹீரோ கதவைத் தட்டினான். பத்து நிமிஷமா கை கதவுலயே இருக்கு."

"கதவு பலமா இருக்கும்," என்றார் டிரைவர்.

"இங்க உக்காந்து சுத்தறதைப் பாக்கறதுக்கு நான் மாடியில துணி காயப்போடலாம்," என்றாள் மருமகள் விளையாட்டாக.

ரசீது சாருக்கு அது விளையாட்டாகப் படவில்லை. மறுநாள் கிடங்கிலிருந்தே கம்பெனிக்குப் போன் போட்டார்.

"சார், நீங்க புதுத் திட்டத்துக்கு மாறிட்டீங்க. இதுல படத்துக்கு விரைவுப் பாதை தனியா வாங்கணும்," என்றது ஒரு பெண் குரல்.

"வீட்டுக்குள்ள ஒரே கம்பிதானேம்மா வருது?"

"கம்பி ஒண்ணுதான் சார். பாதைதான் வேற வேற."

"எங்க வீட்டுக் குழாயில தண்ணி வருது. குடிக்கற தண்ணிக்கு ஒரு விலை, குளிக்கற தண்ணிக்கு ஒரு விலைன்னா நல்லா இருக்குமா?"

"அந்தப் பொதி எங்ககிட்ட இன்னும் வரலை சார். வந்தா தகவல் சொல்றோம்."

வாங்கினார். அடுத்த ஞாயிறு ஹீரோ கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டான். ஆனால் டிரைவருக்குப் பிரச்சினை வந்தது. அவர் மகள் வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஞாயிறு நாலரைக்கு அவளுடன் முகம் பார்த்துப் பேசுவார்.

"அண்ணே, எம்பொண்ணு கொட்டாவி விட்டா. விட்ட வாயை மூடலை. கால் மணி நேரமாச்சு."

படத்துக்கு விரைவுப் பாதை வாங்கினால் பேச்சு ஓரமாக ஒதுங்கிவிடும் என்று கம்பெனிக் குரல் விளக்கியது. பேச்சுக்கு ஒரு பாதை வாங்கினார். பேச்சு வந்ததும் பாட்டு நின்றது. நர்ஸ் பழைய பாட்டுக் கேட்கிறவள். பாட்டுக்கும் ஒரு பாதை வாங்கினார்.

இதற்கெல்லாம் ஈடுகட்ட அவர் தன் போனைப் பொதியிலிருந்து எடுத்துவிட்டார். காலையில் நாளிதழைத் திறந்தால் தலைப்பு வரும், செய்தி வராது. மழை என்று தெரியும், எங்கே என்று தெரியாது. சனிக்கிழமை பார்க்கும் செஸ் ஆட்டத்தில் குதிரை ஒரு கால் தூக்கியபடியே நின்றது. இணையக் கட்டணம் ஏறியபோதே இஸ்திரிக்காரனுக்குத் துணி கொடுப்பதை நிறுத்தி அவரே போட்டுக்கொண்டிருந்தார். இப்போது பஸ்ஸையும் நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார்.

ஞாயிறு மட்டும் எல்லோரோடும் போனைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். திரையில் ஒரு வட்டம் சுற்றும். மற்றவர்கள் சிரிக்கும்போது அவரும் சிரிப்பார்.

"என்ன அண்ணா, அப்படிச் சிரிப்பு?" என்று நர்ஸ் கேட்டாள்.

"காமெடி."

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். சுற்றுகிற வட்டத்தைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். "ஆமா, நல்ல காமெடிதான்," என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

அவளே போகும்போது ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"அடுத்த வாரத்துலேர்ந்து எனக்கு ஞாயித்துக்கிழமை பகல் டியூட்டி போட்டிருக்காங்க அண்ணா. போனை மட்டும் உங்ககிட்டக் குடுத்துட்டுப் போறேன். பெட்டிக்குப் போன் இருந்தாப் போதுமே, நான் எதுக்கு?"

"அட, அது நல்ல யோசனை," என்றார் டிரைவர். "எனக்கும் லோடு இருந்தா போனை அனுப்பிடறேன் அண்ணே."

அன்று ரசீது சாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான்கு நாற்காலியில் நான்கு போன், நடுவில் அவர், வருகைப் பதிவில் எல்லோரும் வந்ததாகக் குறி.

மறுநாள் கிடங்குக் கணினியில் உட்கார்ந்து, கம்பெனி எழுதுவதுபோல் ஒரு கடிதம் தட்டினார். முப்பது வருட வேலையில் அவர் எழுதிய முதல் பொய்க் கடிதம் அது. ஆனால் கை பழகிய பாதையில்தான் போயிற்று.

"பொருள்: குடும்ப உறுப்பினர்கள் நேரில் அமர்தல் தொடர்பாக. 1) போன் மட்டும் இருந்தால் போதாது, உரியவரும் உடன் இருத்தல் வேண்டும். 2) இது வாரந்தோறும் கண்காணிக்கப்படும். 3) அமர்ந்திருக்கும்போது தேநீர் அருந்துவதால் இணைப்புக்குப் பாதிப்பு இல்லை. நகல்: கோப்புக்கு."

அன்று மாலை எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். நர்ஸ் அதைக் கையில் வாங்கி, ஊசி மருந்தின் காலாவதித் தேதியைப் பார்க்கிற மாதிரி மேலும் கீழும் பார்த்தாள்.

"கம்பெனிக்காரன் ரொம்ப ஒழுங்கா எழுதியிருக்கான்."

"பெரிய கம்பெனி," என்றார் ரசீது சார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"டீ குடிக்கலாம்னு வேற சொல்லியிருக்கான். மனுஷன்." கடிதத்தை மடித்துக் கொடுத்தாள். "சரி, நான் டியூட்டியை மாத்திக் கேக்கறேன். விதின்னு வந்துட்டா என்ன பண்றது."

டிரைவர் ஒன்றுமே கேட்கவில்லை. மருமகள் பிஸ்கட் தட்டை எடுத்து வைத்தாள். இவ்வளவு சுலபமாக நம்புகிறவர்களை ஏமாற்றுகிறோமே என்று ரசீது சாருக்குத் தூக்கம் போயிற்று.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை இன்னொரு செய்தி வந்தது. ஒரே முகவரியில் இத்தனை விரைவுப் பாதைகள் வாங்கியிருப்பதால் இது வீடு அல்ல, கட்டணம் வாங்கிப் படம் காட்டும் நிலையம் என்று கருதப்படுகிறது. ஞாயிறு காலை இணைப்பு நிறுத்தப்படும். ஊழியர் நேரில் வந்து வணிகப் பொதிக்குப் படிவம் வாங்குவார்.

"இது வீடும்மா," என்று போனில் கெஞ்சினார்.

"வீடுன்னா இவ்வளவு பாதை எதுக்கு சார்?"

அதற்கு அவரிடம் பதில் இருந்தது. போனை வைத்துவிட்டார்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பெட்டியில் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது. அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். நான்கு மணி வரைக்கும் கூடத்தில் நடந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டியதுதான். விதி போய் மூன்று மாதம் ஆகிறது, நீங்கள் யாரும் இங்கே வந்திருக்க வேண்டியதே இல்லை, அந்தக் கடிதம் நான் எழுதியது. அதன்பிறகு அவர்கள் எழுந்து போவார்கள். போகிறவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. விதி இல்லாமல் அவர்கள் வலிய வந்து உட்கார அவர் யார்? படிவத்தில் இருக்கிற அண்ணன்.

நான்கு மணிக்கு நால்வரும் வந்தார்கள். நாற்காலிகளை இழுத்துப் போட்டார்கள். "அண்ணே, முகம் ஏன் இப்படி இருக்கு? மருந்து எண்ணிக்கையில குறையுதா?" என்று டிரைவர் கேட்டார். ரசீது சார் தொண்டையைச் செருமினார். அப்போது வாசல் மணி அடித்தது.

தோளில் கம்பிச் சுருளும் கையில் படிவமுமாக லைன்மேன் நின்றான். ரசீது சார் பாய்ந்து வெளியே போய்க் கதவைப் பாதி சாத்திக்கொண்டார்.

"தம்பி, படிவம் எத்தனை வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன். இன்னிக்கு ஒரு மணி நேரம் மட்டும் லைனுக்கு உயிர் குடுத்துடுங்க."

"முடியாது சார். நிறுத்தினது ஆபீஸ்ல. எதுக்கு இவ்வளவு பதட்டம்?"

ரசீது சார் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். யாரிடமும் சொல்லாததை, முன்பின் தெரியாதவனிடம் சொல்வது சுலபமாக இருந்தது.

"உள்ள இருக்கறவங்களுக்கு விதி போயிடுச்சுன்னு தெரியாது. நான் மறைச்சுட்டேன். என் பெட்டி இல்லாட்டி படம் ஓடாதுன்னு நினைச்சுத்தான் வாரா வாரம் வர்றாங்க. இன்னிக்கு ஓடலைன்னா எல்லாம் தெரிஞ்சுடும். அப்புறம் இந்த வாசலை மிதிக்க அவங்களுக்கு ஒரு காரணமும் இல்லை."

உள்ளே மருமகள் எதற்கோ சிரித்தாள். டிரைவர் மகளோடு பேசும் குரல் கேட்டது. லைன்மேன் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தான். திரும்பி அவரைப் பார்த்தான். தோளிலிருந்த சுருளைக் கீழே இறக்கி வைத்தான்.

"என்ன சார் சொல்றீங்க, இந்த மூணு வீட்டுக்கும் போன வருஷமே நான்தான் தனித்தனியா லைன் போட்டேன், 'அண்ணனுக்குத் தெரிஞ்சா ஞாயித்துக்கிழமை தனியா உக்காந்துடுவார், கம்பியைப் பின்சுவர் வழியா இழு'ன்னு சொல்லிட்டு அந்த நர்ஸம்மா வேலை முடியற வரைக்கும் வெயில்ல என்கூடவே நின்னாங்க."