'ஸாஷ்' என்று சொல்லாத மாப்பிள்ளை

இலக்கணம் தெரிந்த ஆளை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். பெண் பார்க்கும் இடத்தில் உட்கார வைக்கக் கூடாது. காரைக்காலில் பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற நான், என் தங்கை மகளின் கல்யாணத்தைக் கெடுத்த பிறகுதான் இதைக் கற்றுக்கொண்டேன்.

முதலில் அந்த இலக்கணத்தைச் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சில் சுப்ழோன்க்தீஃப் என்று ஒரு வினை வடிவம் உண்டு. கண்ணுக்கு முன்னால் இருப்பதைச் சொல்ல அது வேண்டாம். விரும்புவது, அஞ்சுவது, சந்தேகப்படுவது, இருந்தால் தேவலை என்று நினைப்பது, இவற்றுக்குத்தான் அது வரும். 'சிரிக்கத் தெரிந்த ஒரு பெண்ணைத் தேடுகிறேன்' என்று தமிழில் சொன்னால் வேலை முடிந்தது. பிரெஞ்சில் முடியாது. அப்படி ஒருத்தி எங்காவது கிடைத்தால் நல்லது என்று தேடுகிறவன், 'தெரிந்த' என்பதற்கு 'ஸாஷ்' என்று சொல்ல வேண்டும். அதுதான் சுப்ழோன்க்தீஃப். அப்படி ஒருத்தி இருப்பது அவனுக்குத் தெரியும், அவள் எங்கே என்றுதான் தேடுகிறான் என்றால் 'ஸே' என்று சொல்ல வேண்டும். என்னிடம் படித்த பிள்ளைகள் தேர்வு முடிந்த அன்றே இதை மறந்துவிட்டு நிம்மதியாக வாழ்கிறார்கள். நான்தான் மறக்கவில்லை.

தங்கை வீடு தலத்தெருவில். அவள் மகள் மலர்விழி கீழவாஞ்சூரில் ஒரு சரக்கு ஏஜெண்டிடம் வேலை பார்த்தாள். அவளைப் பார்க்கப் பிரான்சிலிருந்து ஒரு பையன் வந்தான். பெயர் தினேஷ். அங்கேயே பிறந்தவன், தமிழ் கொஞ்சம்தான் வரும். கூட வந்திருந்த அவனுடைய அப்பா காரைக்காலில் பிறந்து இளவயதில் கப்பலேறியவர். உடம்பில் சதை இல்லை, சட்டை தொளதொளத்தது. உட்கார்ந்ததும் ஒளிக்காமல் சொன்னார்.

"டாக்டரு எனக்கு நாள் குறிச்சிட்டாருங்க. அதுக்குள்ள நான் எம் மவனுக்கு நாள் குறிக்கணும். தாலி கட்டுறதப் பாத்துட்டா போதும்."

அதற்கு முன்பே வாசலில் ஒரு கூத்து நடந்துவிட்டது. தங்கை "வாங்க, வாங்க" என்றாள். உள்ளே நுழைந்த பையன் கைகூப்பி, எங்களைப் பார்த்து அவனும் "வாங்க, வாங்க!" என்றான். (அவன் மேல் குற்றமில்லை. போகிற வீட்டிலெல்லாம் அதையே கேட்டு, அதுதான் வணக்கம் என்று நினைத்துவிட்டான், பாவம்.) அடுப்படியிலிருந்து மலர்விழியின் சிரிப்பு வெடித்துக் கூடம் வரை வந்தது. தங்கை உள்ளே ஓடினாள்.

"இளிச்சது போதும்டி. பல்லு தெரியாம காப்பியக் கொண்டா."

மலர்விழி கேதத்துக்கு வந்தவள் போல முகத்தை வைத்துக்கொண்டு காப்பி கொடுத்துவிட்டுப் போனாள்.

தங்கை என் காதருகே வந்தாள். "அண்ணே, நீங்க அவன் பாஷையில ரெண்டு வார்த்த பேசிப் பாருங்க. உள்ளுக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சிரும்."

இதற்காகவே காத்திருந்தவன் போல எழுந்தேன். பையனை மாடிக்கு அழைத்துப் போய், இன்று எந்தப் பிரெஞ்சுக்காரனும் பேசாத சுத்தமான பிரெஞ்சில், "எப்படிப்பட்ட பெண்ணைத் தேடுகிறீர்கள்?" என்றேன். அவன் படிக்கட்டின் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு, சிரிக்கத் தெரிந்த ஒரு பெண்ணைத் தேடுவதாகச் சொன்னான்.

சொன்னது 'ஸே'.

"ஸேயா?" என்றேன், விடைத்தாளில் திருத்திக்கொள்ள வாய்ப்புக் கொடுப்பவன் போல.

"ஸே" என்றான், மிரண்டுபோய்.

நான் கீழே இறங்கி, தங்கையையும் அவள் கணவரையும் கொல்லைப்பக்கம் கூப்பிட்டேன்.

"அவனுக்கு அங்க ஒருத்தி இருக்கா."

"அவனே சொன்னானா அண்ணே?"

"அவன் வினைச்சொல்லு சொல்லுச்சு."

"மச்சான், வெளங்குற மாரி சொல்லுங்க. பேரு கீரு சொன்னானா?" என்றார் தங்கை கணவர்.

"பேரு எதுக்கு மாப்ள? ஸாஷ்னு சொல்ல வேண்டிய எடத்துல ஸேங்குறான். திருப்பிக் கேட்டேன். மறுபடியும் ஸேங்குறான்!"

"அடப்பாவி, பாக்க எவ்ளோ சாதுவா இருக்கான்!" என்றாள் தங்கை.

அடுப்படி வாசலில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த மலர்விழி தலையைத் தூக்கினாள். "தப்பாப் பேசியிருந்தா என்ன பண்றது மாமா? நம்ம தமிழ்ல எவ்ளோ தப்பு விடுறோம்?"

"பொறந்ததுலேந்து பேசுற பாஷையில இது தப்பாது" என்றேன். அது பொய். அங்கே இப்போது பாதிப் பேருக்கு அது தப்புகிறது என்று எனக்கே தெரியும். ஒரு முறையாவது என் பாடம் உலகத்துக்குப் பயன்படட்டும் என்ற ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

தங்கை கணவர் கூடத்துக்குப் போய், ஜாதகம் பொருந்தவில்லை என்றார். பையனின் அப்பா மெதுவாக எழுந்தார்.

"ஜாதகத்த நீங்க இன்னும் வாங்கவே இல்லீங்களே" என்றார். கோபம் இல்லை. மகன் தோளைப் பிடித்துக்கொண்டு செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்.

அவர்கள் பிரான்சுக்குத் திரும்பினார்கள். சில மாதங்களில் அவர் இறந்துபோனார் என்று, திருமலைராயன்பட்டினத்தில் இருந்த அவருடைய உறவினர் வழியாகச் செய்தி வந்தது. அந்த உறவினரிடமே எண் வாங்கி, மலர்விழி பையனுக்கு ஆறுதல் சொல்லி எழுதினாள். நான் கற்றுக்கொடுத்த பிரெஞ்சில்தான். முடிவில், 'அந்தப் பெண் நலமா?' என்று கேட்டாள். எந்தப் பெண் என்று அவன் கேட்டான். அவனுடைய 'ஸே'யை வைத்து நான் கண்டுபிடித்த பெண்ணைப் பற்றி இவள் சொன்னாள். பிறகு வந்த பதிலை என் முன்னால் நீட்டினாள்.

'உங்கள் வீட்டு அடுப்படியில் ஒரு பெண் சிரித்தாள். அவளைத்தான் தேடினேன். காப்பி கொண்டுவந்தது வேறு யாரோ என்று நினைத்தேன். உங்கள் மாமாவிடம் சொன்னேன். அவர் ஒரு வினைச்சொல்லை மட்டும் கேட்டுவிட்டுக் கீழே போய்விட்டார்.'

என் இலக்கணத்தில் பிழையில்லை. அப்படி ஒருத்தி இருக்கத்தான் செய்தாள். நான் கொல்லையில் தீர்ப்புச் சொன்னபோது என் முதுகுக்குப் பின்னால் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சிரிச்சது நான்தான்னு சொல்லிட்டேன் மாமா" என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

மறு வருடம் காரைக்காலிலேயே கல்யாணம் நடந்தது. தினேஷின் அப்பா உட்கார வேண்டிய நாற்காலியில் மாலை போட்ட படம் இருந்தது. தாலி கட்டும்போது எல்லாரும் மேடையைப் பார்த்தார்கள். நான் நாற்காலியைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கப் பிரெஞ்சில் நல்ல வாக்கியம் ஒன்றைத் தயாரித்து வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டுத் தினேஷிடம், "தம்பி, என்னாலதான்" என்று தமிழில் சொன்னேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க மாமா" என்றான்.

இப்போது எங்கள் குடும்பத்தில் யாரும் எதையும் நிம்மதியாகத் தேட முடியாது. தங்கை கணவர் கண்ணாடியைத் தேடினால், "ஸேயா ஸாஷா?" என்று தங்கை கேட்கிறாள். ஞாயிறுதோறும் பிரான்சிலிருந்து தினேஷ் கூப்பிடுவான். எடுத்தவுடனே, "மாமா, இது சுப்ழோன்க்தீஃப். நல்லா இருக்கீங்களா?" என்பான். பின்னால் மலர்விழியின் சிரிப்புக் கேட்கும். நானும் சிரிப்பேன்.

அவன் அப்பாவின் நினைவு நாளிலும் கூப்பிடுவான். அன்றைக்கு மட்டும் அந்தக் கேலி வராது. "சாப்டீங்களா மாமா?" என்பான். "சாப்டேன் தம்பி" என்பேன். பிறகு மலர்விழி வாங்கிப் பேசுவாள்.