பூசாரி தந்த சுகச் சான்றிதழ்

படிப்பு வேறு, புத்தி வேறு. இதை நான் யாரிடமும் கேட்டு அறியவில்லை, பட்டு அறிந்தேன்.

தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்குக் கப்பல் ஓடிய காலம். மாங்குளம் பக்கத்தில் டாக்டர் படிப்புக்கு இந்தியாவில் இடம் கிடைத்தவன் நான் ஒருவன்தான். அவர்கள் குறித்த திங்கட்கிழமை கல்லூரியில் நிற்கவேண்டும், பிந்தினால் இடம் அடுத்தவனுக்கு. புறப்பட இரண்டு கிழமை இருக்கையில் எனக்குக் கொப்புளிப்பான் போட்டது. (வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது. அம்மாள் வந்திருக்கிறா என்றுதான் சொல்லவேண்டும்.) மூன்று தரம் தலைக்குத் தண்ணீர் வார்த்தால்தான் அம்மாள் போய்விட்டா என்று கணக்கு. மூன்றாவதுக்கு நாள் போதாமல் இரண்டு தண்ணீரோடு வெளிக்கிட்டேன்.

கப்பல் விதியோ, தொற்று வருத்தத்திலிருந்து எழும்பியவர்கள் சுகமாகிவிட்டதாக டாக்டரின் கடிதம் காட்டவேண்டும் என்றது.

"அம்மாள் வந்த உடம்பை டாக்டரிட்டக் காட்டுறதோ? அவா கோவிச்சுக்கொண்டு திரும்பி வந்தால் என்ன செய்வாய்?" என்றா அம்மா.

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. (வருங்கால டாக்டருக்கு.) கோயில் பூசாரியிடம் கடிதம் வாங்கினேன். சாமி காரியத்தைச் சோதிப்பதா என்று பிரித்தும் பார்க்கவில்லை.

இறங்குதுறையில் சுகாதார அதிகாரி என் முகத்துத் தழும்புகளைக் கண்டதும் கையை நீட்டினார். கடிதத்தைக் கொடுத்தேன். உரத்து வாசித்தார்.

"இவருக்கு இரண்டு தண்ணீர் வார்த்தாயிற்று. மூன்றாம் தண்ணீர் வெள்ளிக்கிழமை. வழியில் எங்காவது வார்த்துக்கொள்ளவும்."

பின்னால் நின்ற வரிசை கலைந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது. ஒரு தாய் சேலைத் தலைப்பால் பிள்ளையின் மூக்கைப் பொத்தினா. அதிகாரி எழும்பினார், சப்பாத்தைக் கழற்றினார், கடிதத்திலிருந்த குங்குமத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தப்பினேன் என்று நினைத்தேன். அவர் சப்பாத்தைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "தம்பி, உம்மைக் கப்பலில ஏத்தேலாது," என்றார்.

"ஐயா, திங்கக்கிழமை போகாட்டில் என்ரை படிப்புப் போயிடும்."

"என்ன படிக்கப் போறீர்?"

நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "டாக்டருக்கு," என்றேன்.

அவர் கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப கட்டாயம் ஏத்தேலாது."

இடம் போய்விட்டது. றெயிலில் வழி முழுக்க அழுதேன். அப்பா மண்வெட்டியைத் தந்தார். அன்று முதல் துணுக்காயில் நெல் விதைக்கிறேன். வீட்டில் பிள்ளைக்குத் தடிமன், தும்மல் என்றாலும் மனைவி குடையை எடுத்துவிடுவா.

"பிள்ளையை நான் டாக்டரிட்டக் கொண்டுபோறன். நீங்கள் பூசாரியிட்டப் போய்க் கடிதம் வாங்குங்கோ."